கோவா டேப்பும் பம்பாய் ரெக்கார்டும்

ட்ரான்ஸ் மியூசிக் கேக்கறேன்னு சொன்னா நம்ம மக்கள் ஒரு மாதிரி பாப்பாங்க. "ஒரே டும் டும்னு அடிக்குமே, அந்தக் கருமமா?" ஆமா மக்களே, அதேதான். அதுலயும் சைகடெலிக் ட்ரான்ஸ், சுருக்கமா சைட்ரான்ஸ். திருவொற்றியூர்லேர்ந்து ஓ.எம்.ஆர். போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுது. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி வரிசை கட்டிட்டா இன்னும் மேல. அந்த நேரத்துல என்னைக் காப்பாத்தறது இந்த டும் டும்தான்.

இந்த இசை பொறந்தது லண்டன்லயோ பெர்லின்லயோ இல்லை, கோவாவுல. ஆரம்பத்துல பேரே கோவா ட்ரான்ஸ்தான். கம்பெனி போட்டு, விளம்பரம் பண்ணி வளர்ந்த சமாச்சாரம் இல்லை. ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தர் டேப் வாங்கி, காப்பி எடுத்து, ஒட்டி, வெட்டி, அப்படியே வளர்ந்தது. அந்த வரலாறைத்தான் எழுதலாம்னு உக்காந்தேன். நடுவுல பம்பாய்க்காரர் ஒருத்தர் வருவார். உண்மையைச் சொன்னா அவருக்காகத்தான் இந்தப் பதிவே.

மொதல்ல அந்த டும் டும் என்னன்னு பாத்துடுவோம். வாயால 'தகதிமி தகதிமி'ன்னு சொல்லிப் பாருங்க. 'த' வர்ற இடத்துல கிக் டிரம் விழும். 'க', 'தி', 'மி' மூணு இடத்துலயும் பேஸ் விழும். அவ்ளோதான், சைட்ரான்ஸோட அஸ்திவாரம் இந்த சதுஸ்ரம்தான். நிமிஷத்துக்கு சுமார் 145 அடி. அதாவது ஒரு தகதிமிக்கு 0.41 செகண்ட். பேஸ் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்துலயே நிக்கும், தம்புரா ஸட்ஜத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதே அது மாதிரி. மத்த சத்தம் எல்லாம் அதுக்கு மேல வளைஞ்சு நெளிஞ்சு ஓடும். எட்டு நிமிஷ ட்ராக்னா 1160 அடி. ஆதி தாளத்துக்கு 145 ஆவர்த்தனம். (எஞ்சினியர் புத்தி, கணக்கு போடாம இருக்க முடியல :-))

மிக்ஸிங்கறது ஒரு ட்ராக் முடியறதுக்குள்ள அடுத்ததை அதுமேல ஏத்தி, ஒட்டு தெரியாம மாத்தறது. ரெண்டோட வேகமும் ஒண்ணா இருக்கணும், அடியும் அடியும் ஒரே இடத்துல விழணும். பேஸ் ஒரே ஸ்வரத்துல நிக்கறதால சுருதியும் சேரணும். இல்லேன்னா ரெண்டு தம்புராவை வேற வேற சுருதியில மீட்டின மாதிரி நாராசமா இருக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்பாலிக்கா தேவைப்படும்.

கோவா போர்ச்சுகீசியர் கையிலேர்ந்து விடுபட்டது 1961-ல. அறுபதுகளோட கடைசியிலேர்ந்து ஹிப்பிகள் அஞ்சுனா கடற்கரைக்கு வர ஆரம்பிச்சாங்க. அவங்கள்ல ஒருத்தர் கில்பர்ட் லெவி. 1951-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பொறந்தவர். 1970-ல கோவா வந்தார், ஜூனா அகாராவுல சேர்ந்து சாதுவாவும் ஆனார். உலகம் அவரை 'கோவா கில்'னு கூப்பிட்டுச்சு. 2023 அக்டோபர்ல இறந்துட்டார். எழுபதுகள்ல அஞ்சுனாவுல கிடார், டிரம்ஸ்னு நேரடி ராக் கச்சேரிதான். எண்பதுகளோட ஆரம்பத்துல ஃப்ரெட் டிஸ்கோ, லாரான்னு ரெண்டு ஃப்ரெஞ்சுக்காரங்க, கூட கில் மாதிரி ஆளுங்க, எலெக்ட்ரானிக் இசை பக்கம் திரும்பினாங்க. கிராஃப்ட்வெர்க், கேபரே வால்டேர், ஃப்ரண்ட் 242 இந்த மாதிரி ஐரோப்பியச் சரக்கு.

அவங்க ரெக்கார்ட் பிளேயரை நம்பல. வெயில், புழுதி, உப்புக் காத்து. வினைல் தட்டு வளைஞ்சு போயிடும். அதனால எல்லாத்தையும் கேசட்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க. அதுலயும் லாராவுக்குப் பாட்டு வரியே ஆகாது. யாராவது பாட ஆரம்பிச்சா அந்த இடத்தை வெட்டிடுவார். வெறும் வாத்திய இசை வர்ற துண்டுகளை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப ஒட்டி, ஒரு நீண்ட டேப் பண்ணுவார். சைட்ரான்ஸ்ல பாட்டு வரி இல்லாம போனதுக்கு இந்தக் கத்திரிக்கோல் வேலை ஒரு முக்கியமான ஆரம்பம்னு நினைக்கறேன்.

இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? தெருமுனை ரெக்கார்டிங் சென்டர்ல ஒரு பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி, ஒரு டிடிகே 60 கேசட்டும் குடுத்துட்டு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கிட்டு வருவாங்களே, அதேதான். எங்க மாமா ஒரு ட்ரங்க் பொட்டி நெறைய வெச்சிருக்கார். ஏ சைட் கடைசிப் பாட்டு எல்லாத்துலயும் பாதியில அறுந்திருக்கும். அவருக்கு இன்னிக்கும் அந்தப் பாட்டை எல்லாம் பாதி வரைக்கும்தான் பாடத் தெரியும். டெக் வாங்கினது பர்மா பஜார்ல. பர்மாவிலேர்ந்து திரும்பி வந்தவங்களுக்காக 1969-ல பீச் ஸ்டேஷன் பக்கம், ஹார்பரை ஒட்டி வந்த கடை வரிசை அது. வெளிநாட்டு டேப் ரெக்கார்டர்னா வடசென்னைக்காரன் நேரா அங்கதான் போவான்.

கேசட்டுல ஒரு தொல்லை. காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க 'உஸ்'ங்கற சத்தம் கூடிக்கிட்டே போகும். நாலாவது காப்பியில மழை பெய்யும். 1987-ல சோனி டாட் டேப் கொண்டு வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு, டிஜிட்டல் பதிவு. நூறாவது காப்பியும் மொதல் காப்பி மாதிரியே இருக்கும். ரெக்கார்ட் கம்பெனிகளுக்குக் குலை நடுங்கிடுச்சு. அமெரிக்காவுல 1992-ல சட்டமே போட்டு, வீட்டு உபயோக டெக்குல காப்பிக்குக் காப்பி எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு வெக்கச் சொன்னாங்க. தொழில்முறை டெக்குல அந்தப் பூட்டு இல்லை. பூட்டைக் கழட்ட தனிப் பெட்டியும் கிடைச்சது. பூட்டு போட்டா சாவி செய்யறவன் வரத்தானே செய்வான்.

தொண்ணூறுகள்ல கோவா முழுக்க டாட்தான். ஆனா சாதாரண டாட் டெக்குல வேகத்தைக் கூட்டிக் குறைக்கற வசதி கிடையாது. மேல சொன்னேனே, மிக்ஸிங்க்கு வேகம் ஒண்ணா இருக்கணும்னு. இங்கே அது நடக்காத காரியம். அப்ப என்ன பண்றது? ஒரு ட்ராக் அடங்கி, தாளம் இல்லாம மிதக்கற நேரத்துல, அடுத்த ட்ராக்கோட தாளம் இல்லாத ஆரம்பத்தை உள்ளே விடறது. அதனாலதான் அந்தக் கால கோவா ட்ராக் பலதும் ஆலாபனை மாதிரி நீளமா, அடி இல்லாம ஆரம்பிக்கும், அதே மாதிரி கரைஞ்சு முடியும். மெஷின்ல இல்லாத ஒரு பட்டன் இசையோட உருவத்தையே தீர்மானிச்சிருக்கு பாருங்க! சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு பழைய பக்குக்காக எழுதின மாத்து வழி, பத்து வருஷம் கழிச்சு ஃபீச்சர்னு பேரு வாங்கும்.

டிசம்பர் வந்தா லண்டன்லேர்ந்து இசையமைப்பாளர்கள் வெளியே விடாத புது ட்ராக்கை டாட்ல எடுத்துக்கிட்டு வருவாங்க. அஞ்சுனாவுல வாடகை வீட்டுக்குள்ள ரெண்டு டெக்கை இணைச்சு ராத்திரி பூரா காப்பி நடக்கும். காசு கிடையாது, பண்டமாற்று. உன் ட்ராக் ரெண்டு குடு, என் ட்ராக் ரெண்டு தரேன். சீசன் முடிஞ்சதும் அதே டேப்புங்க இஸ்ரேல், ஜெர்மனி, ஜப்பான்னு கிளம்பிடும். இந்தியாவும் இஸ்ரேலும் 1992-ல முழுத் தூதரக உறவு வெச்சுக்கிட்டதுக்கப்புறம் ராணுவ சர்வீஸ் முடிச்ச இஸ்ரேல் பசங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. இன்னிக்கு இஸ்ரேல் சைட்ரான்ஸோட பெரிய கோட்டையா இருக்கறது சும்மா இல்லை. கம்பெனிகள் வந்தது அதுக்கப்புறம்தான். லண்டன்ல டிராகன்ஃப்ளை, 1994-ல ராஜா ராம் (பேரைப் பாத்து ஏமாறாதீங்க, ஆஸ்திரேலியாக்காரர்) கூட்டாளிகளோட ஆரம்பிச்ச டிப் ரெக்கார்ட்ஸ். 1994 டிசம்பர்ல பால் ஓக்கன்ஃபோல்ட் 'கோவா மிக்ஸ்'னு பிபிசி ரேடியோ 1-ல ரெண்டு மணி நேரம் போட்டார். அதுக்கு மேல ரகசியம் ஏது?

ரொம்ப ரொமான்டிக்கா எழுதறேனோ? இந்தப் பகிர்தல் எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை. கையில டேப் இருந்தாத்தான் டேப் கிடைக்கும். அந்த ஊர் பெண்கள் பாய் விரிச்சு, ஸ்டவ் வெச்சு, விடிய விடிய அந்தக் கூட்டத்துக்கு டீ வித்தாங்க. அந்தப் பாய்லதான் எல்லாரும் சாஞ்சு கிடந்தாங்க. டேப் வட்டத்துக்குள்ள அவங்க கிடையாது. அருண் சல்தான்ஹாங்கற புவியியல் பேராசிரியர் 2007-ல 'சைகடெலிக் ஒயிட்'னு ஒரு புத்தகம் எழுதினார். அஞ்சுனா நடனத் தரையில, குறிப்பா விடிஞ்சதுக்கப்புறம், வெள்ளைக்காரங்க எப்படி இந்தியர்களை ஓரம் கட்டினாங்கன்னு விலாவாரியா எழுதியிருக்கார். இந்திய மண், ஓம் படம் போட்ட துணி, சிவன் போஸ்டர் எல்லாம் வேணும், இந்தியன் மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கணும். போதைப்பொருள் விவகாரம் தனிக் கதை, அதுல எனக்கு எழுத ஒண்ணுமில்லை.

இன்னொரு நஷ்டம், பேரு. காப்பிக்குக் காப்பி போகப் போக டேப் மேல எழுதியிருந்த பேர் உதிர்ந்துடும். நம்ம கானாவுக்கும் இதே கதிதான். ராயபுரம், காசிமேடு பக்கம் செல்போன் கடையில மெமரி கார்டுல ஜிபி கணக்குல கானா ஏத்திக் குடுத்த காலத்துல ஃபைல் பேரைப் பாத்தா 'கானா 27', 'மரண கானா நியூ'ன்னு இருக்கும். ஏத்திக் குடுத்த கடையோட பேரு இருக்கும், பாடினவர் பேரு இருக்காது. ஊரே பாடும், பாடினவர் யாருன்னு ஊருக்குத் தெரியாது.

நெட்ல வந்த சைட்ரான்ஸ் கூட்டம் இதுல கொஞ்சம் உஷார். மிக்ஸ் ஒண்ணு பண்ணிப் பகிர்ந்தா கூடவே ட்ராக் லிஸ்ட் போடணும், யார் செஞ்சது, என்ன பேரு, எந்த லேபிள்னு. போடலேன்னா நூறு பேர் கேப்பாங்க. 2001-ல கனடாக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்ச எக்டோபிளாஸம் பின்னாடி ஆயிரக்கணக்கான சைட்ரான்ஸ் ட்ராக்குகளை, செஞ்சவங்க சம்மதத்தோட, பேர் விவரம் அட்டைப்படம் சகிதமா இலவசமாத் தந்தது. திருட்டு டவுன்லோடும் பக்கத்துலயே நடந்தது, இல்லேன்னு சொல்லல.

சரி, பம்பாய்க்காரருக்கு வருவோம். சரண்ஜித் சிங். ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுல கிடார், கீபோர்டு வாசிச்சவர். சிங்கப்பூர்ல ரோலண்ட் கம்பெனியோட மூணு மெஷின் வாங்கினார். ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின். 1982-ல எச்எம்விக்காக ஒரு எல்.பி. ரெக்கார்ட் பண்ணினார். டிஸ்கோ அடியில பத்து ராகம். பாட்டு வரி கிடையாது. 303 நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும், மேல ஜூபிடர் ராகம் வாசிக்கும். விக்கல. மறந்துட்டாங்க.

டிபி-303 கிடார்காரங்களுக்குத் துணையா பேஸ் வாசிக்கறதுக்காகச் செஞ்ச மெஷின். அதுவும் விக்கல, 1984-ல நிறுத்திட்டாங்க. பழைய சாமான் கடையில சீப்பா வாங்கி, சிகாகோவுல ஃபியூச்சர்னு மூணு பேர் அதோட குமிழைத் திருகித் திருகி 1987-ல 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டாங்க. ஆசிட் ஹவுஸ் பொறந்தது. அதோட வாரிசுதான் கோவா ட்ரான்ஸோட அந்த நெளியற சத்தம்.

சரண்ஜித் அஞ்சு வருஷம் முந்தி! நெதர்லாந்து டிஜே எடோ பௌமன் அந்த ரெக்கார்டை டெல்லியில தற்செயலாப் புடிச்சு, 2010-ல மறுபடி வெளியிட்டார். உடனே 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சது இந்தியர்'னு எழுதித் தள்ளினாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. சிகாகோக்காரங்க இவரைக் கேட்டதில்லை. ஒரே மெஷின், ரெண்டு ஊர், அவ்வளவுதான்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேற. 1982, 83-ல அஞ்சுனாவுல உக்காந்து ஐரோப்பிய ரெக்கார்டுகள்லேர்ந்து பாட்டு வரியை வெட்டி வெட்டி எடுத்துக்கிட்டு இருந்தாங்க பாருங்க, அவங்க தேடின சத்தம், வரியே இல்லாம, தாளம் தப்பாம, பம்பாய்ல தட்டுல கிடந்தது. ஒரு ராத்திரி பஸ் தூரம். ஒரே ஒருத்தர் ஒரு கேசட்ல காப்பி எடுத்துக்கிட்டுப் போயிருந்தா போதும். டேப் வட்டத்துக்குள்ள இந்தியர் யாரும் இல்லாததோட விலை இதுதானோன்னு தோணுது. பெரிய கம்பெனி ரெக்கார்ட், அட்டையில பேரு, போட்டோ எல்லாம் ஒழுங்கா இருந்தது. ஆனா கைமாறவே இல்லை.

அவர் 2015 ஜூலையில மும்பையில காலமானார். அதுக்கு முன்னாடி ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு, அதே மெஷின்களோட மேடையேத்தினாங்க. எழுபது தாண்டின மனுஷன், எதிர்ல இருபது வயசுப் பசங்க ஆடறாங்க.

கேக்க விரும்பறவங்க மொதல் ட்ராக் 'பைரவ்'லேர்ந்து ஆரம்பிங்க. நம்ம மாயாமாளவகௌளைதான், சரளி வரிசை கத்துக்கிட்டவங்க அஞ்சாவது செகண்ட்ல புடிச்சிடுவீங்க. 'பூபாளி' மோகனம், 'யமன்' கல்யாணி, 'மால்கௌன்ஸ்' ஹிந்தோளம். போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, 303 காணாமப் போயிடும். ஹெட்போன் மாட்டிக்கோங்க.