தொண்ணூற்றொன்பது கதவுகளும் ஒரு கொலையும்

திகாம் பத்துவிலிருந்து தெற்கு நோக்கி மூடா ஆற்றைக் கடந்தால் செபராங் பிறை தொடங்குகிறது. வெல்லெஸ்லி மாகாணம் என்று நம் பாட்டன்மார் அறிந்த நிலம் அது. 1800ஆம் ஆண்டு வரை அதுவும் கெடா சுல்தானின் மண்ணே. அவ்வாண்டு ஏற்பட்ட உடன்படிக்கையினால், மூடா ஆற்றின் முகத்துவாரம் முதல் கிரியான் ஆற்றின் முகத்துவாரம் வரையுள்ள கரையோரப் பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அப்பகுதியின் தென்கோடியில், கெடா, பினாங்கு, பேராக் என்னும் மூன்று மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கி வருமிடத்தில் நிபோங் தெபால் நகரம் இருக்கிறது. அதனையடுத்த கலிடோனியாத் தோட்டத்தில், புதர் மண்டிப் பாழடைந்து நிற்கிறது ஒரு மாடி வீடு. தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என்பது இன்று அதற்கு வழங்கும் பெயர்.

இவ்வீட்டைப் பற்றிய கதைகள் வடமலேசியத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்க்குப் புதியன அல்ல. வீட்டில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பம் முழுவதும் ஒரே இரவில் வெட்டுண்டு மாண்டது என்பர் சிலர். சப்பானியர் அங்கே தங்கிப் பலரைக் கொன்றனர் என்பர் வேறு சிலர். வீடு வெறுமையான பின்னர் போமோ ஒருவர் ஆவிகளை அழைக்க அதனைப் பயன்படுத்தினார் என்றும், நூறாவது கதவொன்று உண்டு, அது மனிதர் உலகுக்குத் திறப்பதன்று என்றும் கதை நீள்கிறது. கதவுகளை எண்ணத் தொடங்கியவர் எண்ணி முடித்ததில்லை என்று சொல்லி முடிப்பதும் வழக்கம்.

கதவுகள் மிகுந்ததற்கு விளக்கம் தேடிப் பேயுலகம் போக வேண்டியதில்லை. மின்விசிறி இல்லாத காலத்தில், வெப்ப நாட்டில் வாழ வந்த ஐரோப்பியர் தம் பங்களாக்களைக் காற்றோட்டத்தை எண்ணியே அமைத்தனர். ஒவ்வோர் அறையிலிருந்தும் தாழ்வாரத்திற்குத் திறக்கும் உயர்ந்த இரட்டைக் கதவுகள் சன்னலின் வேலையையும் சேர்த்துச் செய்தன. அறைகள் பத்தேயாயினும் கதவுகள் பலவாகிவிடும். அவற்றைக் காலையில் திறந்து மாலையில் சாத்துவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும்! அந்த ஆள் பெரும்பாலும் நம்மவராகவே இருந்திருப்பார்.

கதையில் கலந்துள்ள இன்னொரு பிழை வரலாற்றாசிரியர் கவனத்திற்குரியது. இரப்பர் தோட்ட முதலாளிகளாகிய ராம்ஸ்டன் குடும்பத்தார் 1840ஆம் ஆண்டுகளில் இவ்வீட்டைக் கட்டினர் என்று பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். இரப்பர் நாற்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து வேரூன்றியது 1877இல். வணிக நோக்கில் அது மலாயாவில் பயிரிடப்பட்டது 1890ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில். ராம்ஸ்டன் குடும்பத்திலிருந்து இந்நிலத்தில் முதலீடு செய்த ஐந்தாம் பாரனெட் சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் பிறந்ததோ 1831இல். 1840இல் அவர் ஒன்பது வயதுச் சிறுவர். எனவே, கதையில் ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது கட்டியவர் பெயர் தவறாக இருக்கலாம். இரப்பர் என்பது மட்டும் ஐயத்திற்கிடமின்றித் தவறு. அக்காலத்தில் அந்நிலத்தில் விளைந்தது கரும்பு.

கரும்பின் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் நம் மக்கள் இம்மண்ணில் கால் வைத்த வரலாறு அதனோடு பிணைந்தது. வெல்லெஸ்லி மாகாணத்தில் முதலில் கரும்பு பயிரிட்டவர் சீனர். பின்னர், 1840ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியத் தோட்டங்கள் பெருகின. அவற்றிற்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் அக்கழனிகளுக்கு அனுப்பப்பட்டனர். சஞ்சிக்கூலி என்று தோட்ட மக்கள் குறித்த ஒப்பந்தமுறை அது. கப்பற்செலவைக் கடனாக ஏற்றுக்கொண்டு, குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைக்க வேண்டும். இடையில் விலகினால் அது உரிமையியல் வழக்கன்று, சிறைக்குரிய குற்றம். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டியும், கரும்பு சுமந்தும், ஆலையில் பாகு காய்ச்சியும் உழைத்தவர்கள் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் பெருந்தொகையாக மடிந்தனர். தமிழர் மிகுதியாக இறந்த இடங்களுள் இக்கரும்புத் தோட்டங்கள் முன்வரிசையில் நின்றன. 1910இல்தான் மலாயாவில் ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் கரும்பின் காலமும் முடிந்து, அதே நிலத்தில் பால்மரம் ஏறியது. கங்காணிமார் ஊருக்குச் சென்று ஆள் கூட்டி வரும் முறை அதன்பின் ஓங்கியது.

மூடா ஆற்றுக்கு வடக்கே, கெடாவில், நிலைமை சற்று வேறு. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கை வரை கெடா சயாமின் மேலாட்சியில் இருந்தமையால், பெருந்தோட்டங்கள் இங்குப் பிந்தியே பரவின. சுங்கைப் பட்டாணி, பெடோங் வட்டாரத் தோட்டங்கள் பெரிதும் இரப்பர் தந்த பிள்ளைகள். ஆற்றின் இருகரையிலும் இருந்தவர் உறவினரே. ஆயினும் தென்கரையார்க்கு ஒரு தலைமுறை நீண்ட துயர நினைவு உண்டு.

இனி அவ்வீட்டாரைக் காண்போம். ராம்ஸ்டன் குடும்பம் யார்க்‌ஷயரைச் சேர்ந்தது. ஹடர்ஸ்பீல்டு என்னும் தொழில் நகரின் நிலத்திற் பெரும்பகுதி பல தலைமுறையாக அவர்கள் உடைமை. அவர்கள் பரம்பரை மாளிகையின் பெயர் பைராம். நிபோங் தெபால் பகுதியில் பைராம் தோட்டம் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை. கலிடோனியா என்பதோ ஸ்காட்லாந்தின் பழம்பெயர். தமிழர் உழுத நிலம், மலாய் மக்களின் நாடு, பெயர்கள் மட்டும் பனி பெய்யும் தேசத்தவை. ஐந்தாம் பாரனெட் 1914இல் மறைந்தபின் சொத்து அவர் மகன் சர் ஜான் பிரெச்வில் ராம்ஸ்டனுக்கு வந்தது. அவருடைய மூத்த மகனே ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன். 1902இல் பிறந்த அவர், போர் முடிந்தபின் கலிடோனியாவில் இருந்தார்.

1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, அவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து தலையில் இருமுறை சுடப்பட்டார் என்பதே வழங்கிவரும் செய்தி. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. கொன்றவர் யார், கொல்வித்தவர் யார் என்னும் வினாக்களுக்கு இன்றளவும் விடையில்லை. மாண்டவர் ஒருவரே, குடும்பம் முழுவதுமன்று. தந்தை அதன்பின் பத்தாண்டு வாழ்ந்து 1958இல் இறந்தார். பாரனெட் பட்டம் இளைய மகனுக்குச் சென்றது. ஒரு கொலை குடும்பக் கொலையாகப் பெருகியது வாய்வழி வந்த கதையின் வேலை.

இக்கொலையை அதன் காலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது ஏன் துலங்காமற்போயிற்று என்பது புலப்படும். போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. சயாம் – பர்மா இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் திரும்பியவர் சிலர், திரும்பாதவர் பலர். அரிசி விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. துரைமார் திரும்பி வந்து பழைய அதிகாரத்தையே நடத்த முனைந்தனர். தொழிலாளரோ பழைய தொழிலாளராக இல்லை. இதற்குக் கெடாவே சான்று. பெடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடுவதும் ஒழுக்கம் பேணுவதும் அதன் முதல் வேலை. தோட்டக்காரர் அதிகாரத்தைத் தட்டிக் கேட்பது அதன் தொடர்ச்சி. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெடோங்கில் போலீசாருடன் மூண்ட மோதலில் தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். சில நாளில் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் மோதல் மூண்டு பலர் கைதாயினர். திகாம் பத்துவிலிருந்து சிறிது தொலைவிலேயே நிகழ்ந்தவை இவை.

இச்சூழலில் ஒரு துரை சுடப்பட்டால் கைநீளும் திசைகள் பல. பொதுவுடைமைக் கட்சியினர் எனலாம், கூலித் தகராறு எனலாம், கொள்ளை எனலாம், வீட்டுக்குள்ளேயே பிறந்த பகை எனலாம். ஒவ்வொன்றும் இயலக்கூடியதே. ஆனால் வீட்டுக்குள் நுழைந்து, படிக்கட்டில் பின்னாலிருந்து சுட்டவர், அவ்வீட்டின் நேரமும் வழியும் அறிந்தவராகவோ, அறிந்தவரின் உதவி பெற்றவராகவோ இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுவதில் தவறில்லை. ஒரு கட்சியின் மீது மொத்தப் பழியையும் ஏற்றி முடித்துவிடுவது எளிது. அந்த எளிமையே எனக்கு ஐயத்தைத் தருகிறது.

எட்டு நாள் கழித்து, ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் ஒரே காலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்பில் தோட்டத்து ஆர்தர் வாக்கர், பின் சூன் தோட்டத்து ஜான் அலிசன், இருபத்தொரு வயதேயான இயன் கிறிஸ்டியன் ஆகியோர் அவர்கள். அன்றே சில பகுதிகளிலும், ஜூன் 18இல் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31 வரை அது நீடித்தது. அதே ஜூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டத்தால் முடக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி மறு ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுங்கை சிப்புட் நிகழ்ச்சி பாடநூல்களில் ஏறிற்று. கலிடோனியாவின் கொலை எட்டு நாள் முந்தி நடந்த ஒரே குற்றத்தால் வரலாற்றின் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டது. வரலாறு கைவிட்டதைப் பேய்க்கதை எடுத்துக்கொண்டது.

தமிழ் மரபில் அகால மரணம் எய்தியவர்க்கு இடம் உண்டு. போரில் வீழ்ந்தவர்க்கு நடுகல் எடுத்தோம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனைத் தெய்வமாக்கித் தோட்டந்தோறும் கோயில் கட்டினோம். கொலையுண்டவர் ஆவி அமைதி பெறப் படையலிட்டு வணங்குவது சிற்றூர்களில் நெடுங்கால வழக்கம். ராம்ஸ்டனுக்கோ தெய்வநிலை கிட்டவில்லை, பேயாகவே நின்றார். பேராக்கின் பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகையோடு இதனை ஒப்பிடலாம். 1915இல் வில்லியம் கெல்லி சுமித் தொடங்கிய அவ்வீடு, அவர் 1926இல் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறவில்லை. அங்கும் பேய் உண்டென்பர். ஆயினும் அதன் அருகே மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் நோயில் மடிந்தபோது அவர்கள் வேண்டுகோளுக்கிணங்கிக் கெல்லி கட்டித் தந்தது என்பர். கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே அத்துரையின் உருவமும் நிற்கிறது. அங்கே வீட்டின் கதையும் தொழிலாளர் கதையும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. கலிடோனியாவில் வீட்டின் கதை தனித்துப் பிரிந்துவிட்டது. ஒரு துரையின் சாவை நூறு விதமாகச் சொல்பவர் நாவில், அதே நிலத்தில் கரும்பு வெட்டி மாண்டவர் ஒருவரின் பெயரும் வருவதில்லை.

கொலையைத் துப்பறிவது ஆசிரியர் வேலையன்று. ஆனால் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1948இல் இருபது வயதாயிருந்தவர் இன்று நூறை நெருங்கியிருப்பார். அப்படிப்பட்டவர் எஞ்சியிருந்தால் விரல்விட்டு எண்ணலாம். எனினும் அவர்கள் தம் மக்களுக்குச் சொல்லிச் சென்றவை இன்னும் வாய்களில் உலவுகின்றன. நிபோங் தெபால், பாரிட் புந்தார், பண்டார் பாரு பக்கம் உறவுடைய மாணவர்கள் விடுமுறையில் சில வினாக்களைக் கொண்டு செல்லலாம். அந்நாளில் லயங்கள் எத்தனை, எங்கெங்கே இருந்தன? காலைப் பிரட்டில் பெயர் வாசித்த கிராணி யார்? பங்களாவில் சமையல் செய்தவர், கதவு சாத்தியவர், தோட்டம் கூட்டியவர் எவ்வீட்டார்? துரை சுடப்பட்ட மறுநாள் பால்வெட்டு நடந்ததா? போலீசார் யாரை அழைத்துப்போயினர், அவர்களில் யார் திரும்பி வந்தனர்? 1948 ஜூன் மாதத்துத் தமிழ் நேசன் இதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடைக்கும் விடைகளை நாளும் பெயருமாக எழுதி வைப்பது மூன்று பேர் கொண்ட ஒரு மாணவர் குழுவுக்கு ஒரு பள்ளி விடுமுறை வேலை.