இரட்சிப்பின் நிச்சயம்: ஒரு கேள்வியின் வரலாறு

1431ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், பிரான்சு நாட்டின் ரூவான் நகரில், ஏறத்தாழப் பத்தொன்பது வயதுடைய உழவர் மகள் ஒருத்தி சமய நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டாள். வரலாறு அவளை ஜோன் ஆஃப் ஆர்க் என்று அறியும். சுற்றிலும் இறையியல் வல்லுநரும் திருச்சபைச் சட்டம் கற்றோரும் அமர்ந்திருந்தனர். கடவுளின் அருள் நிலையில் தான் இருப்பதை அவள் அறிவாளா என்று அவர்கள் வினவினர்.

பக்தியுள்ள பெண்ணிடம் கேட்கத்தக்க எளிய கேள்விதானே என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது ஒரு கண்ணி. அறிவேன் என்றால், தெய்வ வெளிப்பாடின்றி மனிதர் எவரும் திண்ணமாக அறிய இயலாததை அறிந்ததாகக் கூறிய செருக்கு. இல்லை என்றால், தன்னைத் தானே பாவியெனச் சாற்றிய ஒப்புதல். எழுத்தறியாத அப்பெண், அருளில் இல்லையாயின் கடவுள் தன்னை அதில் சேர்க்க வேண்டும் என்றும், இருப்பின் அதிலேயே நிலைநிறுத்த வேண்டும் என்றும் விடையிறுத்தாள். கேட்டவர்கள் திகைத்துப்போயினர் என்று, விசாரணையைப் பதிவு செய்தவருள் ஒருவர் பின்னாளில் சான்று பகர்ந்தார். அந்த விடை அவளைக் காப்பாற்றவில்லை; மே 30ஆம் நாள் அவள் எரிக்கப்பட்டாள். 1456இல் அத்தீர்ப்பைத் திருச்சபையே தள்ளியது. 1920இல் அவளைப் புனிதையாக அறிவித்தது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தமிழ்ச் சபைக் கூட்டங்களுக்குச் சென்று பழகிய நேயர்கள், ‘இரட்சிப்பின் நிச்சயம் உண்டா?’ என்ற கேள்வியைச் செவியுற்றிருப்பர். இன்று அதற்குத் தயங்காது ‘உண்டு’ என்று சொல்வோர் பலர். அதே சொல் ஒரு காலத்தில் குற்றச்சாட்டுக்கு இடமளித்தது என்பது வியப்பன்றோ? பிற சமயத்து நேயர்களுக்கும் இந்த ஆராய்ச்சி முற்றிலும் அயலானதன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போலவா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்வது போலவா இறைவன் நம்மை மீட்கிறான் என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டதை நாம் அறிவோம். அங்கே வினா, பற்றுவது யார் என்பது. ஐரோப்பாவில் எழுந்த வினாவோ, பற்றப்பட்டிருப்பதைக் குட்டி தானே அறியக்கூடுமா என்பது.

இவ்வினா மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில், கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் பேரரசிக்குப் பணிபுரிந்த கிரெகோரியா என்னும் பெருமாட்டி, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற வெளிப்பாடு கிடைக்கும்வரை விடப்போவதில்லை என்று போப்பாண்டவர் முதலாம் கிரெகோரியாருக்கு எழுதினாள். கேட்பது கடினமானது, பயனும் அற்றது என்று அவர் மறுமொழி விடுத்தார். அச்சம் இருந்தால்தான் ஆன்மா விழித்திருக்கும் என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சற்று இளகி, இறைவனிடத்து இன்பம் காண்டல், உலகை வெறுத்தல் முதலிய குறிகளைக் கொண்டு ஒருவர் ஊகித்து அறியலாம் என்றார், ஊகமே, உறுதியன்று.

இந்த ஊகத்தோடு வாழ இயலாத ஒருவர் ஜெர்மனியில் தோன்றினார். சட்டம் பயின்றுகொண்டிருந்த மார்ட்டின் லூதர், 1505ஆம் ஆண்டு ஜூலையில், ஸ்டாட்டர்ன்ஹைம் என்னும் ஊரருகே இடிமழையில் அகப்பட்டு, புனித அன்னாளிடம் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். எர்பர்ட் நகரின் அகுஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். உண்ணாநோன்பும் கண்விழிப்பும் மணிக்கணக்கில் நீண்ட பாவ அறிக்கையும் அவருக்கு அமைதி தரவில்லை. செய்த பாவத்தை அறிக்கையிட்டால், மறந்த பாவம் என்னாவது? வருந்தினால், அவ்வருத்தம் உண்மையானதா, தண்டனைக்கு அஞ்சியதா? ஸ்டாபிட்ஸ் என்னும் மூத்த துறவியே இவருடைய நுணுக்கங்களைக் கேட்டுச் சலித்தாராம்.

1517இல் லூதர் வெளியிட்ட 95 கூற்றுகளைப் பலரும் அறிவர். அவற்றில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளை நம்பி இரட்சிப்பை எதிர்பார்ப்பது வீண் என்றார். தன் மனவருத்தம் மெய்யானதென்றுகூட எவரும் உறுதி கொள்ளல் இயலாது என்றும் எழுதினார். ஆக, அவர் தொடங்கியது பொய்யான உறுதியை உடைப்பதில்தான். மறு ஆண்டே வழக்கு திசை மாறியது. 1518 அக்டோபரில் அவுக்ஸ்பர்க் நகரில், போப்பின் தூதராக வந்த கர்தினால் கயெத்தான், இரண்டு கூற்றுகளைத் திரும்பப் பெறுமாறு லூதரைக் கேட்டார். அவற்றுள் ஒன்று, மன்னிப்பின் வாக்கைக் கேட்பவன் தான் மன்னிக்கப்பட்டதை ஐயமின்றி நம்ப வேண்டும் என்பது. அது ஒரு புதிய திருச்சபையைக் கட்டுவதாகும் என்று கயெத்தான் எழுதினார். அவருடைய கூர்மையை மெச்சத்தான் வேண்டும். பின்னர் நிகழ்ந்ததும் அதுவே. உறுதி மனிதன் நெஞ்சிலிருந்து எழுவதன்று, வெளியிலிருந்து வரும் வாக்கிலிருந்து வருவது என்பதே லூதரின் முடிவு. தன்னை நோக்கினால் ஐயம். வாக்கை நோக்கினால் தேற்றம்.

இதற்கு விடைதரக் கூடிய டிரெண்ட் பொதுச்சங்கம், 1547 ஜனவரி 13ஆம் நாள் தன் ஆணையை வெளியிட்டது. சங்கத்தினுள்ளேயே இது குறித்து நீண்ட வாதம் நடந்தது. கத்தாரினோ அருள் நிலையை உறுதியாக அறியலாம் என்றார், டோமிங்கோ தே சோட்டோ மறுத்தார். இறுதியில், கடவுளின் இரக்கத்தை ஒருவரும் ஐயுறலாகாது, எனினும் தன் பலவீனத்தை நோக்கும் எவரும் தன் நிலை குறித்து அஞ்ச இடமுண்டு என்று சங்கம் வரையறுத்தது. இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று தனிவெளிப்பாடின்றி அறுதியிட்டுக் கூறுவோரை அது கண்டித்தது.

கத்தோலிக்கர்க்கு அச்சம், சீர்திருத்தக்காரர்க்கு அமைதி என்று இதைப் பிரித்துவிடுவது எளிது. வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. இங்கிலாந்தின் பியூரிட்டன் கூட்டத்தார், கடவுள் தாம் மீட்போரை ஆதியிலேயே தெரிந்துகொண்டார் என்ற கால்வினின் போதனையைத் தழுவியவர்கள். தெரிந்துகொள்ளப்பட்டவருள் நானும் ஒருவனா என்பது அவர்களை வாட்டிய கேள்வி. கேம்பிரிட்ஜின் வில்லியம் பெர்க்கின்ஸ் 1592இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கடன் கணக்கு எழுதுவது போல் நாட்குறிப்பு எழுதி, அருளின் அடையாளங்களைத் தேடினர் பலர். வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ, மெய்விசுவாசி ஒருவரும் நெடுநாள் காத்திருந்தே உறுதி பெறக்கூடும் என்று ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

பெட்பர்டு அருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628இல் பிறந்த பாத்திரம் பழுதுபார்ப்பவர் மகன் ஜான் பனியன், இந்த வேதனையின் அடியாழம் வரை சென்றவர். கிறிஸ்துவை விற்றுவிடு என்றொரு குரல் தம் உள்ளத்தில் ஓயாது ஒலித்ததையும், ஒருநாள் இணங்கிவிட்டதாக எண்ணி, உரிமையை விற்ற ஏசாவைப்போல் தமக்கு மீட்சியில்லை என்று கலங்கியதையும் 1666இல் வெளியான தன்வரலாற்றில் விவரிக்கிறார். அதை எழுதியது சிறையில். உரிமமின்றிப் போதித்ததற்காக 1660 முதல் 1672 வரை அடைக்கப்பட்டிருந்தார். 1678இல் வெளிவந்த ‘பரதேசியின் மோட்சப் பயணம்’ என்னும் கதையில், சிலுவையண்டையில் பயணிக்கு ஒரு சுருள் தரப்படுகிறது. மலைச்சரிவில் உறங்கும்போது அதைத் தவறவிட்டு, வந்த வழியே திரும்பி அழுதுகொண்டு தேடுகிறான். அச்சுருள்தான் நிச்சயம். மீட்கப்பட்டவனும் அதை இழக்கக்கூடும், அலைந்து மீண்டும் கண்டெடுக்கவும் கூடும் என்பதை எந்த இறையியல் ஏடும் இத்தனை எளிதாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். இக்கதையையே திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனின் நெறியில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியமாகத் தமிழுக்குத் தந்தார். அது 1894இல் வெளியாயிற்று.

இனி ஜான் வெஸ்லி. அவருடைய வரலாற்றுக்குத் தமிழ் மண்ணோடு ஓர் இழை உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, எப்வர்த் என்னும் சிற்றூர்க் குருமனைக்கு வந்து சேர்ந்தன. அதைப் படித்துக் கேட்ட குருவின் மனைவி சுசானா, தானும் தன் மக்களுக்கு மேலும் செய்ய வேண்டும் என்று உள்ளம் கிளர்ந்து, நாளொன்றுக்கு ஒரு பிள்ளையாகத் தனியே அமர்ந்து ஆன்மிகக் காரியம் பேசத் தீர்மானித்தாள். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறாள். வியாழக்கிழமை எட்டு வயது ஜானுக்கு உரியது.

அந்த ஜான் ஆக்ஸ்போர்டில் கற்றுக் குருவாகி, நோன்பும் ஒழுங்கும் வழுவாது வாழ்ந்தார். 1735 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் மொரேவிய சகோதரர் எனப்படும் ஜெர்மானியர் 26 பேர் இருந்தனர். 1736 ஜனவரி 25ஆம் நாள் அவர்கள் பாடி வழிபடுகையில் கடல் பொங்கிப் பாய்மரப் பாயைக் கிழித்துத் தளத்தின்மேல் புரண்டது. ஆங்கிலேயர் அலறினர். ஜெர்மானியரோ பாட்டை நிறுத்தவில்லை. அஞ்சவில்லையா என்று வெஸ்லி பின்னர் அவர்களுள் ஒருவரை வினவ, தம் பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும்கூட மரண பயமில்லை என்று மென்மையாக விடை வந்தது. கரையில் மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பர்க், கிறிஸ்து உம்மை இரட்சித்ததை அறிவீரா என்று கேட்டார். உலக இரட்சகர் என்று அறிவதாகவும், தமக்காகவும் இறந்தார் என்று நம்புவதாகவும் வெஸ்லி சுற்றிவளைத்தார். மீண்டும் வற்புறுத்தவே, அறிவேன் என்றார். அவை வெறும் சொற்கள் என்று அஞ்சுவதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ரூவானில் கண்ணியாக வீசப்பட்ட கேள்வி, இங்கே அன்பின் கேள்வியாக மாறிவிட்டது. ஆயினும் திணறல் குறையவில்லை.

தோல்வியோடு இங்கிலாந்து திரும்பிய அவர், 1738 மே 24ஆம் நாள் மாலை, மனமில்லாமலே இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குச் சென்றார். அங்கே ஒருவர், உரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால்மணி முன்னதாகத் தம் நெஞ்சம் இனம்புரியாத வெம்மை கொண்டதாகவும், தம் பாவங்களே நீங்கின என்ற உறுதி பிறந்ததாகவும் வெஸ்லி எழுதுகிறார். மெதடிஸ்டு இயக்கம் இந்த உறுதியைச் சுரங்கத் தொழிலாளரிடமும் நெசவாளரிடமும் கொண்டு சென்றது. கற்றோர் கோபித்தனர், 1739இல் பிரிஸ்டல் பேராயர் பட்லர், தனி வெளிப்பாடு பெற்றதாகக் கூறிக்கொள்வது கொடியது என்று நேரிலேயே கடிந்தார்.

வெஸ்லியின் நெஞ்சும் என்றும் வெம்மையாயிருக்கவில்லை. 1739 ஜனவரியிலேயே தாம் கிறிஸ்தவரல்லர் என்று எழுதினார். 1766இல் தம்பி சார்லசுக்கு எழுதிய கடிதத்தில், தாம் ஒருபோதும் கடவுளை நேசித்ததில்லை என்று சுருக்கெழுத்தில் மறைத்துச் சொன்னார். ஆயிரமாயிரம் பேருக்கு உறுதி வழங்கியவர் இவர்! இந்நிலையில், உறுதியை உணராதவன் மீட்கப்பட்டவனல்லன் என்று இளமையில் கூறியதை முதுமையில் அவர் தளர்த்தியது இயல்பே. அவ்வாறு போதித்தபோது மக்கள் தங்களைக் கல்லெறியாததே வியப்பு என்றும் அவர் சொன்னதாகக் கேட்டவர் பதிவு செய்துள்ளார்.

தாய் சுசானாவின் சொல்லும் இங்கே நினைக்கத்தக்கது. பாவமன்னிப்பை இப்போதே அறியலாம் என்பதை அண்மைக்காலம்வரை தான் கேட்டதேயில்லை என்று 1739இல் மகனிடம் கூறினாள். பியூரிட்டன் போதகரான அவளுடைய தந்தை அன்னெஸ்லி, நாற்பதாண்டுக்கு மேலாக ஐயமோ அச்சமோ தமக்கு இருந்ததில்லை என்று இறக்குமுன் சொன்னாராம். ஆயினும் அதைப்பற்றி அவர் மேடையில் பேசியதாக மகளுக்கு நினைவில்லை. தம் தேற்றத்தை எல்லார்க்கும் உரிய பொதுவழியாக அவர் கருதவில்லை போலும்.

1518இல் கயெத்தானைச் சந்திக்க வந்த லூதர் தங்கியது, அவுக்ஸ்பர்க்கில் புனித அன்னாள் மடம். 1999 அக்டோபர் 31ஆம் நாள் அதே புனித அன்னாள் ஆலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூதரன் கூட்டமைப்பும் மீட்பைக் குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. அதில் ஒரு பகுதி முழுவதும் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றியது. தன் பலவீனத்தை நோக்கி ஒருவர் கவலையுறலாம், ஆயினும் கடவுளின் வாக்கை நம்பியிருக்கலாம் என்று இரு திறத்தாரும் அதில் ஒப்புகின்றனர். 2006இல் சியோல் மாநகரில் உலக மெதடிஸ்டுப் பேரவையும் அந்த ஒப்பந்தத்தில் தன்னை இணைத்துக்கொண்டது.