கடை வந்தது, கவுன்டர் வரலை

ஒரு நாட்டுல நல்லா ஓடுற கடையை இன்னொரு நாட்டுல திறந்தா, உண்மையில் எது கப்பல் ஏறுது? பெயரா, சரக்கா, தொழில் முறையா? இன்னைக்கு செகண்ட் ஹேண்ட் வியாபாரத்தை வச்சு இதைப் பேசலாம்.

1990-ல், டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சகாமிஹாரா நகரத்தில், தகாஷி சகாமோட்டோ என்பவர் ‘புக் ஆஃப்’ என்ற பழைய புத்தகக் கடையைத் தொடங்கினார். அதற்கு முன்னால் பழைய பியானோ விற்றவர். ஜப்பானில் புதுப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் போட்ட விலைதான்; கடைக்காரர் தள்ளுபடி தர முடியாது. பழைய புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆனா பழைய புத்தகம்னா அப்போ டோக்கியோவின் ஜிம்போச்சோ வீதிதான். எது முதல் பதிப்பு, எது அபூர்வம் என்பதெல்லாம் கடைக்காரர் மண்டையில் இருக்கும். அதைக் கத்துக்க வருஷக்கணக்கில் ஆகும். சகாமோட்டோ அந்த அறிவே வேண்டாம்னு முடிவு பண்ணினார். புத்தகம் சுத்தமா இருக்கா, புதுசு மாதிரி இருக்கா? அட்டை விலையில் சுமார் 10 சதவீதத்துக்கு வாங்கு, பாதி விலைக்கு வில்லு. போகலையா, 100 யென் அலமாரிக்குத் தள்ளு. பக்க ஓரங்களில் அழுக்கு இருந்தால் மெஷினில் தேய்த்துவிடுவார்கள். நேத்து சேர்ந்த பார்ட்-டைம் பையன்கூட விலை போட்டுடலாம். (அபூர்வப் புத்தகமும் 100 யென்னுக்குப் போச்சு. அதைத் தேடிப் பிடிச்சு மறுபடி விக்கிறதே சிலருக்குத் தொழில் ஆச்சு.)

என்னைப் பொறுத்தவரை இதுல முக்கியமான இடம் வாங்கும் கவுன்டர்தான். வீட்டை ஒழிக்கிறவங்க பையைத் தூக்கிட்டு வருவாங்க, காசோட போவாங்க. அதே ஆள் அடுத்த வாரம் வாடிக்கையாளரா வருவார். புத்தகத்தோடு துணி, பொம்மை, விளையாட்டுச் சாமான் எல்லாம் பின்னால் சேர்ந்தன.

2000-ல் நியூயார்க்கில் ஒரு கிளை திறந்தார்கள். ஆனா என் கவனம் 2016-ல்தான். அந்த வருஷம் கோலாலம்பூரை ஒட்டிய புறநகரில் ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ வந்தது. ஜாலான்னா தெருன்னு மலேசியத் தமிழர்களுக்குத் தெரியும். ‘ஜாலான் ஜாலான்’னா சும்மா சுத்தி வர்றது. ஜப்பான் கடைகளில் விலைபோகாமல் தேங்கிய துணி, தட்டு, பை, பொம்மை எல்லாம் கன்டெய்னரில் வந்து இறங்கின. அங்கேயே வச்சிருந்தா அகற்றுவதற்குச் செலவு, இங்கே வருமானம். மலேசியாவில் மூட்டையாக வரும் பழைய துணியை விற்கும் ‘பண்டல்’ கடைகள் ஏற்கெனவே பழக்கம். அதனால் வாங்குறவங்களுக்குப் புதுசா எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கலை. ஜப்பானியர்கள் பொருளைப் பத்திரமா வச்சுப்பாங்கங்கிற பேரும் உதவியது.

ஆனா கவனிங்க. மலேசியக் கடையின் அலமாரியை நிரப்புவது மலேசிய வீடுகள் இல்லை, ஜப்பான் வீடுகள். விலை போடும் சுலபமான முறை வந்தது, அலமாரி ஒழுங்கு வந்தது. கொடுத்து வாங்கும் அந்த வட்டம் வரவில்லை. எனக்கு இது பாதிச் சந்தையாகத்தான் படுது. வீணாகப் போயிருக்கும் நல்ல தட்டு ஒரு குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கிடைப்பது நல்ல விஷயம், மறுக்கலை. அங்கேயும் விக்காம நின்னா அது யாருடைய குப்பை?

இந்தக் கேள்வியை அரசாங்கங்களும் கேட்டிருக்கின்றன. அதே 2016-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள், உள்ளூர் ஆடைத் தொழிலைக் காப்பாற்ற, பழைய துணி இறக்குமதியை 2019-க்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தன. அமெரிக்கா வர்த்தகச் சலுகையைக் காட்டி மிரட்ட, மற்ற நாடுகள் பின்வாங்கின. ருவாண்டா மட்டும் இறக்குமதி வரியைக் குறைக்க மறுத்தது. 2018-ல் ஆடைகளுக்கான சலுகையை இழந்தது.

சென்னைக்கு இப்படி ஒரு கடை வருமா? உடுத்திய துணியை இறக்குமதி செய்ய இந்தியாவில் லைசென்ஸ் வேண்டும். அதனால் ஜப்பான் கன்டெய்னர் சுலபமா வந்து இறங்காது. வந்தால் நம்ம வீட்டு அலமாரியிலிருந்து எடுக்கும் கவுன்டரோடுதான் வரணும். இதற்கிடையில் கடை 2022-ல் கஜகஸ்தானுக்கும் போய்விட்டது. அங்கே யாரும் மலாய் பேசுவதில்லை. பெயர்ப்பலகையில் இருப்பது அதே ‘ஜாலான் ஜாலான்’.