பெரட்டுக்களத்திலிருந்து பேச்சுவார்த்தை மேசைக்கு: கண்டித் தோட்டங்களில் குறை சொல்லும் வழி மாறிய வரலாறு

மலையகத் தொழிலுறவுகளை ஆராய்வோர் பெரும்பாலும் கூலியிலிருந்து தொடங்குவார்கள். கூலி போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது என்பது அதற்கும் முந்திய கேள்வி. தோட்டத்துரைமார் 1854 பெப்ரவரியிலேயே கண்டியில் கூடிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தொழிலாளர் தமக்கென்று ஒரு தொழிற்சங்கத்தைக் காண அதன்பின் முக்கால் நூற்றாண்டு கழிந்தது. நல்ல வேலைச்சூழலும் நல்ல தொடர்பாடலும் இன்றைய முகாமைத்துவ வகுப்புகளில் பழகிக்கொள்ளும் திறமைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலோ அவை போராடிப் பெற்ற உரிமைகளாகவே வந்து சேர்ந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். வேலைக்கு வராமல் நிற்பதோடு, கீழ்ப்படியாமையும் மரியாதைக்குறைவும்கூட அதில் தண்டனைக்குரிய குற்றங்கள். மூன்று மாதம் வரை சிறை வைக்கலாம். எது மரியாதைக்குறைவு என்று தீர்மானித்து முறைப்பாடு செய்பவர் துரை. நிமிர்ந்து நின்று ஒரு கேள்வி கேட்டாலே அந்த வரையறைக்குள் வந்துவிடும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867இல், கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முந்திய பயிரான கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பருவத்துக்கு மட்டும். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடும்பங்கள் நிலைத்தன. ஒரே துரையின் கீழ் தலைமுறை தலைமுறையாக வாழ நேர்ந்த பிறகு, அவரிடம் குறை சொல்லும் வழி உயிர்ப் பிரச்சினையாயிற்று.

அந்த வழி நீளமானது. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பெரட்டுக்களத்தில் ஆட்கள் தம்மை அழைத்துவந்த கங்காணி வாரியாக வரிசையில் நிற்பார்கள். துரையோ சின்னதுரையோ வந்து எந்த மலையில் என்ன வேலை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்வார்; அது கங்காணியிடம் இறங்கி, கடைசியில் ஆளை எட்டும். கட்டளை இறங்க இந்தப் படிகள் போதும். குறை ஏற வேண்டுமானால் அதே படிகளில் ஒவ்வொருவரும் அதை மேலே விட மனம்வைக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி மட்டும், விழுந்தால், அதைக் கேட்கக் கங்காணியிடம்தான் போக வேண்டும். அந்தக் கங்காணிக்கே அவர் கடன்காரர். வேலைக்கு வரும் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்குபவரும் அந்தக் கங்காணியே. கங்காணியை வில்லனாக மட்டும் காட்டும் எழுத்துகள் நம்மிடம் நிறைய உண்டு. ஊரும் உறவுமாகச் சேர்ந்து வந்த கூட்டத்துக்கு அவரே பல நேரம் காவலாகவும் இருந்தார் என்பதை அவை விட்டுவிடுகின்றன. ஆனால் காப்பவரிடமே கடன்பட்டவன் எவ்வளவுதான் வாய் திறப்பான்?

துரைமார் தமிழ் கற்காமல் இல்லை. ‘இங்கே வா’ என்ற பெயரிலேயே சின்னதுரைமாருக்குக் கையடக்கத் தமிழ் வழிகாட்டி அச்சாயிற்று. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ வந்தது. மொழி தெரிந்த துரை தெரியாதவரைவிட மேல்தான். என்றாலும் ஏவத் தேவையான தமிழைக் கற்றுத் தருவதே அந்த நூல்களின் நோக்கம்.

1921இல் துண்டு முறை ஒழிந்தது. கடனைத் துண்டில் எழுதி, ஆளை அடுத்த தோட்டத்துக்குக் கைமாற்றும் வழக்கம் போனதும் பெரிய கங்காணியின் பிடி தளர்ந்தது. புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒன்றை விரிவாகப் பார்ப்பது தகும். மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக வந்த மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளையர் தொழிலாளர் பக்கம் நின்றார், வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைச் சாடிப் பேசினார். அம்மாதமே ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தொழிலாளியைச் சமமாக நடத்தும் வெள்ளைக்காரரை அந்த அமைப்பால் பொறுக்க முடியவில்லை. துரைமாரின் நல்ல குணத்தால் சூழல் மாறியிருக்கும் என்று நம்புவோர் இந்த வழக்கைப் படிக்கலாம்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. அதே ஆண்டு துரைமார் தரப்பு தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டது. இந்திய வம்சாவளித் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸின் முதல் மாநாடும் கம்பளையில் கூடியது. இந்த மாற்றங்களின் பயன் தோட்டத்தில் தெரிந்தது சங்கத்தின் தோட்டத் தலைவர் உருவில். கங்காணியைத் தாண்டித் துரையின் ஆபீஸ் வாசலுக்குப் போக ஒருவர் கிடைத்தார். அவர் பின்னால் ஒரு சங்கம் இருந்தது.

அந்தத் தலைவர் பெரும்பாலும் ஆண். கொழுந்து பறிப்பதோ பெண்கள். மாதர் சங்கங்கள் இருந்தும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவை குறைத்துப் போடப்படுவதையோ, மலையில் ஒதுங்க இடமில்லாததையோ, ஒரு பெண் ஓர் ஆணின் வாய்வழியே சொல்லியாக வேண்டியிருந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. சங்க வரலாறுகள் இதை இரண்டு வரியில் கடப்பது நியாயமாகப் படவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போன பிறகு, முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தமே பேச்சின் மையமாயிற்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொழும்பில் பேசி முடித்ததைத் தொழிலாளி செய்தியில் கேட்டார். படி குறைந்தாலும் தூரம் கூடிற்று. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கியதும் கம்பனிகள் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ என்ற தகராறு மறுபடி ஒவ்வொரு தோட்டத்து மடுவத்திலும் தனித்தனியே எழுந்தது.