ஓம் விதியும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும்

ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை நேராக மாட்டினால் என்ன ஆகும்? பளிச்சென்று ஒரு நொடி எரியும். அப்புறம் போச்சு! நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் பேட்டரி தீரும்வரை நிம்மதியாக எரியும். எவ்வளவு ஓம் போடுவது? எல்.ஈ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டு வெப்பமாக்கிவிடும். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால், 7-ஐ 0.02-ஆல் வகுக்க 350 ஓம். கடையில் 350 சுலபமாகக் கிடைக்காது, 390 வாங்கலாம் (ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு பட்டை போட்டது). விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

இந்த ஒற்றை வரி வகுத்தல் கணக்கைக் கண்டுபிடித்தவர் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. ஓம் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளந்து பார்த்தார். 1825-ல் முதல் கட்டுரை வந்தது. அதில் கொடுத்த சூத்திரம் தவறு!

தப்பு அவர் கணக்கில் இல்லை, பேட்டரியில் இருந்தது. அந்தக்கால வோல்டா பேட்டரி, இணைத்தவுடன் துள்ளும், பிறகு தொய்ந்துவிடும். ஒரே அளவு ஒரு நிமிடம்கூட நிற்காது. அப்போது பொகண்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். 1821-ல் சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். பிஸ்மத்தையும் தாமிரத்தையும் சேர்த்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் போதும். பனிக்கட்டி உருகும்வரை, தண்ணீர் கொதிக்கும்வரை மின்னழுத்தம் ஆடாது அசையாது. எவ்வளவு எளிய தந்திரம் பாருங்கள்! மின்னோட்டத்தை அளக்க ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அது விலகியதைத் திருகித் திருகி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். திருகிய அளவுதான் மின்னோட்டம்.

1826-ல் சரியான விடை கிடைத்தது. கம்பியின் நீளத்தோடு ஒரு மாறாத எண்ணைக் கூட்டி, அதனால் வகுத்தால் மின்னோட்டம் வருகிறது. அந்த மாறாத எண், சுற்றின் மற்ற பாகங்களின் மின்தடை. இன்று பேட்டரியின் அகமின்தடை என்று படிக்கிறோமே, அது அன்றே அதில் ஒளிந்திருந்தது.

அரைச் சம்பள விடுப்பில் பெர்லினுக்குப் போய் 1827-ல் புத்தகமாகவும் போட்டார். பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது ஏச்சுதான். இயற்பியலில் இத்தனை கணிதம் எதற்கு என்பது அன்றைய பலரின் எண்ணம். மனம் நொந்து கொலோன் வேலையை விட்டார். 1833-ல்தான் நியூரம்பர்க்கில் ஒரு நல்ல வேலை அமைந்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி 1852-ல் வந்தது. இரண்டே வருடத்தில் காலமானார்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர் 1781-லேயே இதே உறவைக் கண்டுகொண்டிருந்தார். மீட்டர் கிடையாது. உப்புநீர் நிரப்பிய குழாய்கள் வழியாகத் தன் உடம்பிலேயே ஷாக் வாங்கி, எது பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டார்! ஆனால் வெளியே சொல்லவில்லை. மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளை அச்சிட்டபோது வருடம் 1879.

அதற்குள் பெயர் ஓமுக்குப் போய்விட்டது. 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகாக ஓமை ஏற்றுக்கொண்டது. மின்தடைக்குத் தலைகீழான மின்கடத்தலுக்கு என்ன பெயர் தெரியுமா? ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளையே திருப்பிப்போட்டு 'மோ' என்றார் கெல்வின். 1971-ல் அதன் இடத்துக்கு சீமென்ஸ் வந்தது.