மூழ்காதவரின் படம்

கையறுநிலைத் துறையை முதுகலை மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பாடநூலை மூடிவைத்துவிட்டு ஒரு படத்தின் அச்சுப்படியை வகுப்பில் சுற்றுக்கு விட்டோம். இடுப்புக்கு மேல் ஆடையில்லாத ஓர் ஆண் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன, கைகள் மடியில் கிடக்கின்றன. இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி. அருகில் ஒரு சிறு சிலை, ஒரு சாடி. சுவரில் அகன்ற விளிம்புடைய வைக்கோல் தொப்பி. "தூங்குகிறார்" என்றனர் பெரும்பாலோர். கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருவர் மட்டும், "முகமும் கையும் ஏன் ஐயா இவ்வளவு கறுத்திருக்கின்றன?" என்று கேட்டார். சரியான கேள்வி அதுவே. அதற்கு விடை சொல்ல அன்றைய வகுப்பு நேரம் போதவில்லை. இங்கே சொல்ல முயல்வோம்.

படத்திலிருப்பவர் இப்போலித் பயார். அதை எடுத்தவரும் அவரே. ஆண்டு 1840. பிரெஞ்சு நிதி அமைச்சகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர்; 1801இல் பிரான்சின் வடபகுதியில் பிரெத்தேய் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை தோட்டக்கலையில் ஈடுபாடு மிக்கவர் என்றும், காகிதத்தில் வெட்டிய எழுத்துகளைப் பழுக்கும் பீச்சுப் பழங்களின்மேல் ஒட்டிவைத்து, வெயில் படாத இடத்தில் எழுத்து வெளிறித் தோன்றும்படி செய்வார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, ஒளியால் எழுதலாம் என்பதைப் பழத்தோலில் கற்றுக்கொண்ட பிள்ளை என்று எண்ணிப் பார்க்க நமக்குப் பிடித்திருக்கிறது.

(புகைப்படம் என்னும் சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. ஆயினும் இக்கட்டுரையில் ஒளிப்படம் என்றே எழுதுவோம். இங்கே நடப்பது முழுவதும் ஒளியின் வேலை. புகைக்கு இடமே இல்லை.)

1839 ஜனவரி 7ஆம் நாள், பாரிசின் அறிவியல் கழகத்தில் அராகோ என்னும் புகழ்பெற்ற இயற்பியலாளர், டாகேர் என்பவர் ஒளியின் பிம்பத்தை நிலைநிறுத்தக் கண்டுபிடித்த முறையைப் பற்றி அறிவித்தார். செய்முறை வெளியிடப்படவில்லை. அராகோ நாடாளுமன்ற உறுப்பினருமாவார். அவருடைய முயற்சியால் அரசு அந்த இரகசியத்தை விலை கொடுத்து வாங்க இசைந்தது. டாகேருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்க். அவருடைய காலஞ்சென்ற கூட்டாளி நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்க். இரண்டும் வாழ்நாள் ஓய்வூதியம். ஆகஸ்டு 19 அன்று செய்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த இடைவெளிதான் பயாரின் களம். அவர் உலோகத் தகட்டை நாடவில்லை. காகிதத்தில் படம் எடுத்தார். மார்ச் மாதத்துக்குள் நேர்ப்படம் தரும் முறை ஒன்று அவர் கைவசமாகிவிட்டது. மே மாதத்தில் அராகோவைச் சந்தித்துத் தம் படங்களைக் காட்டினார். ஜூன் 24 அன்று பாரிசில், மார்த்தினீக் தீவின் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்காக நடந்த ஒரு கண்காட்சியில் முப்பது படங்களை வைத்தார். பொதுமக்கள் பார்வைக்கு ஒளிப்படங்கள் வைக்கப்பட்ட முதல் நிகழ்வு இதுவே என்பர். டாகேரின் செய்முறை அப்போது இன்னும் வெளிவரவேயில்லை! அரசிடமிருந்து பயாருக்குக் கிடைத்தது, நல்ல கருவி வாங்கிக்கொள்ள 600 பிராங்க். அதுவும் ஒரே ஒரு முறை. கவின்கலைக் கழகம் அதே ஆண்டு நவம்பரில் அவரைப் பாராட்டி அறிக்கை தந்தது. பாராட்டு கிடைத்தது, பரிசில் கிடைக்கவில்லை.

அவருடைய செய்முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். படத்தின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. வெள்ளிக் குளோரைடு ஏற்றிய காகிதத்தை முதலில் வெயிலில் காட்டி முற்றிலும் கறுக்க விடுவார். பின்பு அதைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நனைத்து, ஈரத்தோடே கேமராவுக்குள் வைப்பார். இப்போது ஒளி பட்ட இடம் கறுப்பதில்லை; வெளுக்கிறது. ஒளி மிகுந்த இடம் மிக வெளுக்கும். ஒளி குறைந்த இடம் கறுத்தே நிற்கும். அதாவது, இருட்டிலிருந்து உருவத்தைச் செதுக்கி எடுக்கும் வேலை அது. ஒரு காகிதத்துக்கு ஒரே படம்; படி எடுக்க இயலாது. வெளுப்பதற்கோ நெடுநேரம் வேண்டும். மூழ்கியவரின் படத்துக்கு ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும் என்று கணிக்கின்றனர்.

பன்னிரண்டு நிமிடம் அசையாமலும் இமைக்காமலும் இருக்கும் மனிதர் எங்கே கிடைப்பார்? எனவே பயார் முதலில் நாடியது சாந்துச் சிலைகளை. வெண்மையால் ஒளியை நன்கு திருப்பித் தருபவை, அசையாதவை, கூலி கேளாதவை. சிறு சிலைகளை அடுக்கி, மாற்றி அடுக்கி, எந்தச் சாய்வில் எந்த நிழல் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினார். உருவப்படக் கலையின் அரிச்சுவடியை அவர் உயிரற்ற உருவங்களிடம் கற்றார். பிறகு அந்த அடுக்கில் தம்மையும் ஒரு சிலையாகச் சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு வசதியும் உண்டு. வெளிச்சம் பதிய இவ்வளவு நேரமாகும் கருவியில், எடுப்பவரே மூடியைத் திறந்துவிட்டு நடந்துபோய் அமரலாம். அந்தச் சில நொடி நடை காகிதத்தில் தடம் பதிக்காது. பயார் அப்படித்தான் செய்தாரா, வேறொருவர் உதவினாரா என்பது படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடியதன்று. ஆனால் இமைக்கும் கண்களின் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு படத்திலேயே இருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்தால் இமைப்பு அதைக் கலங்கலாக்கிவிடும். மூடி வைத்தால் தூங்குபவர் போலாகிவிடும். தூக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டும். பிணத்துக்குக் காரணமே வேண்டியதில்லை. பிணம் அசையாது, பிணத்தின் தலை சரிந்திருந்தால் யாரும் குறை சொல்லார்.

கறுத்த கைக்கும் முகத்துக்கும் வருவோம். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கே இணங்குபவை. செந்நிறத்தை ஏறத்தாழ காணாதவை. வெயிலில் சிவந்த தோல் அவற்றுக்கு இருளாகத் தெரியும். பயார் தோட்டத்தில் நேரம் கழிப்பவர். சுவரில் தொங்கும் தொப்பியே சாட்சி. சட்டை மூடிய மார்பு வெளுத்தும், வெயில் கண்ட முகமும் கையும் கறுத்தும் பதிந்தது வேதியியலின் குறை. அந்தக் குறையை என்ன செய்தார் என்பதில்தான் இம்மனிதரின் படைப்பு மனம் வெளிப்படுகிறது.

படத்தின் பின்புறம் 1840 அக்டோபர் 18 என நாளிட்டு அவர் ஒரு குறிப்பு எழுதினார். நீங்கள் காணும் பிணம், இந்த முறையைக் கண்டுபிடித்த பயாருடையது. டாகேருக்கு அள்ளிக் கொடுத்த அரசு இவருக்கு ஒன்றும் செய்ய இயலாது என்றது. பாவம், மனிதர் நீரில் விழுந்து இறந்தார். பிணவறையில் பல நாளாகக் கிடக்கிறார், அடையாளம் காட்டவோ கேட்டு வாங்கவோ யாரும் வரவில்லை என்பது அதன் சாரம். முடிவில் ஒரு குத்தல்: சீமாட்டிகளே, சீமான்களே, நகர்ந்து செல்லுங்கள், உங்கள் மூக்குக்கு ஆகாது, முகமும் கையும் அழுகத் தொடங்கிவிட்டதைப் பார்க்கிறீர்கள் அல்லவா! அன்றைய பாரிசில் பிணவறை பொதுமக்கள் வந்து பார்க்கும் இடம். ஆளடையாளம் தெரியாத உடல்களை அங்கே காட்சிக்கு வைப்பர். ஆதலால் இந்தச் சொற்கள் எவருக்கும் உடனே விளங்கியிருக்கும்.

இதை உலகின் முதல் போலி ஒளிப்படம் என்று எழுதுவோர் பலர். நாம் உடன்படவில்லை. போலி, நம்பவைக்க முயலும். செத்தவர் தம் சாவுக்குத் தாமே குறிப்பெழுதிக் கையில் தந்தால் யார் நம்புவார்? வெயிலில் கறுத்த தோலை அழுகல் என்று சொல்லிக் கண் சிமிட்டுகிறார் மனிதர். இது பொய்ச் செய்தி அன்று, மனுவுக்கு நிகரானது. நம் புறப்பாட்டு மரபில் வைத்துச் சொன்னால், பரிசில் கடாநிலையையும் கையறுநிலையையும் ஒரே பாட்டில் கட்டியது போல. பரிசில் தராத இளவெளிமானின் காவல்மரத்தில், குமணன் தந்த யானையைக் கொண்டுவந்து கட்டிய பெருஞ்சித்திரனாரின் சினம் நினைவுக்கு வந்தது. பயாருக்கு யானை தரக் குமணன் இல்லை. கட்டுவதற்குத் தம் உடம்பு ஒன்றே இருந்தது.

இந்த உருவத்தை அவர் ஒரே மூச்சில் எடுத்துவிடவுமில்லை. இதே தோற்றத்தில் மூன்று வேறுபாடுகள் எஞ்சியுள்ளன. கோபத்தில் ஒரு முறை செய்வது வேறு. பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக மீண்டும் மீண்டும் செத்துக் காட்டுவது வேறு.

ஆயினும் அவரை முழுதும் புறக்கணிக்கப்பட்டவராகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அராகோவின் சார்பு ஒரு காரணமே. செய்முறையை அவர் அறிவியல் கழகத்தில் வெளிப்படுத்தியது 1840 பிப்ரவரியில்தான். அதற்குள் டாகேரின் தகடுகள் உலகைச் சுற்றிவிட்டன. மறுபுறம், இங்கிலாந்தில் டால்பட் ஒரு எதிர்ப்படத்திலிருந்து பல படிகள் எடுக்கும் வழியைக் கண்டு முன்னேறினார். படியெடுக்க முடியாத பயாரின் முறைக்கு எதிர்காலம் இல்லை என்பதை அவரே உணர்ந்தார் போலும். பின்னாளில் டால்பட்டின் வழிக்கே மாறினார். தொழில்நுட்பத்தில் தோற்றவர் என்பது உண்மை. அந்தத் தோற்ற முறை இல்லையேல் அந்தக் கறுத்த முகமும் இல்லை என்பதும் உண்மை.

பிந்திய கதை சுருக்கமானது. 1851இல் அரசு பழங்கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பிய ஐவருள் அவரும் ஒருவர். 1854இல் பிரெஞ்சு ஒளிப்படக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். மூழ்கியவரின் படம் இன்றும் அக்கழகத்தின் சேகரிப்பில்தான் உள்ளது. 1863இல் அரசின் உயர் விருதும் கிடைத்தது. 2024இல் லாஸ் ஏஞ்சலிசின் கெட்டி அருங்காட்சியகம் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அவருடைய தொடக்ககாலப் படங்கள் இன்னமும் வெளிச்சத்தில் மங்கக் கூடியவை. ஆதலால் அவற்றை அரிதாகவே வெளியே எடுப்பர்.

1860களில் பெர்த்தால் என்னும் கேலிச்சித்திரக்காரரோடு சேர்ந்து பாரிசில் உருவப்பட நிலையம் ஒன்று நடத்தினார். அதற்குள் கண்ணாடித் தகடுகள் வந்துவிட்டன. சில நொடிகளே போதும். வந்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே அமர்ந்தனர். 1887 மே மாதம், தம் சாவை எழுதி வைத்து நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்த பின், எண்பத்தாறு வயதில் நெமூர் என்னும் ஊரில் பயார் காலமானார்.