கனமார்க்கம் தேடி

2025 மே மாதம் எங்கள் மூவர் வீட்டிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: "இந்த வயதில் இது தேவையா?" மே 17 அன்று மும்பை மகாலட்சுமி குதிரைப்பந்தய மைதானத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவினர் பாட இருந்தனர். கேட்கப் புறப்பட்டவர்களில் இருவர் கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் சிமெண்ட் ஆலைப் பொறியாளர். மூவருக்கும் நாற்பத்தைந்து வயதை ஒட்டிய பருவம். ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு.

கேள்வியில் நியாயமும் இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னர்தான் எல்லையில் மோதல் மூண்டு ஓய்ந்திருந்தது. ஐ.பி.எல். ஆட்டங்களே நிறுத்தப்பட்டு, அதே மே 17ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கவிருந்தன. கச்சேரி நடக்குமா நடக்காதா என்று தெரியாமலேயே பயணச்சீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

எங்களில் இருவருக்கு வீடு பெரம்பலூர். 1995இல் மாவட்டத் தலைநகரான அந்த ஊருக்கு இன்றுவரை இரயில் இல்லை. முப்பது கிலோமீட்டர் அளவில் பேருந்தில் வந்து அரியலூரில் ஏறவேண்டும். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒரு முழுநாள் ஓட்டத்தில் மும்பை. இந்த நீண்ட பயணத்தில் படிப்பதற்கென்று எடுத்துச் சென்றது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பாடத்துக்காகப் பலமுறை புரட்டிய நூல்தான். ஆனால் ராக் கச்சேரிக்குப் போகும் வழியில் அது வேறு நூலாகத் தோன்றியது.

இலக்கிய வாசகர்கள் அந்நூலைப் பெரும்பாலும் மாயூரத்திலிருந்துதான் நினைவுகூர்கின்றனர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவர் போய்ச் சேரும் இடத்திலிருந்து. அதற்கு முந்தைய பகுதி முழுவதும் எங்கள் ஊர்களின் கதை. உடையார்பாளையம், அரியலூர், குன்னம், பெரம்பலூருக்கு அருகிலுள்ள செங்கணம். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பு. இவ்வளவு ஊர்களுக்கும் அந்தக் குடும்பம் ஏன் பெயர்ந்துகொண்டே இருந்தது? மகனின் படிப்பு ஒரு காரணம். தந்தை வேங்கடசுப்பையரின் பிழைப்பு மற்றொன்று. அவர் சங்கீத வித்துவான். ஓர் ஊரில் தங்கி இராமாயணக் கதை சொல்வார். அருணாசலக் கவிராயரின் கீர்த்தனங்களைப் பாடுவார். ஊரார் கூடிப் பணமோ தானியமோ அளிப்பர். கதை முடிந்தால் அடுத்த ஊர்.

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குன்னத்துக்காரர் ஒருவர் இசை கேட்க ஊரைவிட்டுப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. இசைதான் மூட்டை முடிச்சோடும் மனைவி மக்களோடும் அவர் தெருவுக்கு வந்தது. அந்த நாளை நாம் பொற்காலமாக்க வேண்டியதில்லை. யார் திண்ணையில் அமர்ந்து கேட்க முடிந்தது, யார் தெருவுக்குள்ளேயே வர முடியவில்லை என்பதை மறந்துவிட்டு எழுதும் இசை வரலாறு அரை வரலாறுதான். இருந்தாலும் பயணச்செலவு பாடகருடையது என்பது அன்றைய ஏற்பாடு.

வேங்கடசுப்பையரின் குரு கனம் கிருஷ்ணையர். அரியலூர்ப் பக்கத்துத் திருக்குன்றத்தில் பிறந்து, உடையார்பாளையம் ஜமீனில் சமஸ்தான வித்துவானாக இருந்து, தமிழில் அருமையான பதங்களை இயற்றியவர். அவர் வரலாற்றைச் சாமிநாதையர் தனிநூலாகவே எழுதியிருக்கிறார். பெயருக்கு முன் நிற்கும் 'கனம்' மரியாதைச் சொல் அன்று. அது ஒரு பாடும் முறை. தெலுங்கு நாட்டுப் பொப்பிலியிலிருந்து தஞ்சை அரண்மனைக்கு வந்த கேசவையா என்னும் வித்துவான் அங்கே கனமார்க்கத்தைப் பாடிக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து எழும்பும் பெருங்குரல்; கடுமையான உடற்பயிற்சி போன்ற சாதகம் வேண்டுவது. சபையார் வியந்தனர். அதைப் பயிலத் துணிந்தவர் எங்கள் பக்கத்துக் கிருஷ்ணையர். வேற்று மொழி நாட்டிலிருந்து வந்த, காது அதிரும் ஓர் இசைமுறையின்மேல் அரியலூர்க்காரருக்கு மோகம் பிறப்பது ஒன்றும் புதிதல்ல என்று இரயிலில் நாங்கள் சொல்லிக்கொண்டோம். கனமான உலோகம் என்று பெயர் வைத்துக்கொண்ட இசையைக் கிருஷ்ணையர் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார் என்பது பொறியாளர் நண்பரின் கட்சி. முதல் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பார் என்பது எங்கள் கட்சி.

எங்கள் மோகம் 1990களின் இறுதியில், திருச்சியில் ஒரு மாணவர் விடுதியில் பிறந்தது. பலமுறை படியெடுத்து இரைச்சல் ஏறிய ஒலிநாடா. அதில் இருந்தவை 1991இல் வெளியான 'யூஸ் யுவர் இல்யூஷன்' பாடல்கள். ஆங்கிலம் பாதிதான் விளங்கும். கித்தார் முழுதும் விளங்கும். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கேட்கத் தொடங்கியபோது அந்தக் குழு உடைந்துவிட்டிருந்தது. கித்தார் கலைஞர் ஸ்லாஷ் 1996இல் விலகியிருந்தார். இறந்துபோன புலவரைப் படிப்பதுபோலத்தான் நாங்கள் அவர்களைக் கேட்டோம். 2016இல் அவர்கள் மீண்டும் சேர்ந்தபோது, தங்கள் சுற்றுப்பயணத்துக்கே 'இந்தப் பிறவியில் இல்லை' என்ற பொருளில் பெயர் வைத்தனர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ தவறின. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூரில் பாடினர். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடினர். தமிழ்நாட்டுக் கல்லூரி இளைஞர்கள் பலர் ஒசூர் வழியே இரவுப் பேருந்தில் போய்வந்த காலம் அது. நாங்கள் போகவில்லை. அன்று எங்களில் இருவர் மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கையில் பணம் இல்லை. 2012 டிசம்பரில் கன்ஸ் அண்ட் ரோசஸே பெங்களூர் வந்தனர், ஸ்லாஷ் இல்லாமல். அப்போது பணம் இருந்தது. ஒருவர் வீட்டில் கைக்குழந்தை. நடுவயதில் போவது ஆசை திரும்பியதால் அன்று. கடன், குழந்தை, வேலை எல்லாம் ஒருசேர வழிவிடும் முதல் ஆண்டு அப்போதுதான் வருகிறது என்பதால்.

நடுவயதில் இசையைத் தேடி வந்தவர் ஒருவரின் நினைவிடம், அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையான கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாற்றில் இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடப்பதை அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதித் தெரிவிக்க, 1921இல் திருப்பணியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு நாற்பது கடந்திருந்தது. கைப்பொருளைச் செலவிட்டு நிலம் வாங்கினார். தாம் எழுப்பிய இடத்தில் பெண்கள் பாட அன்றைய ஆடவர் குழுக்கள் இடந்தரவில்லை என்பதால், பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1952இல் மறைந்த அவருக்குத் தியாகராஜர் சமாதியின் எதிரிலேயே நினைவிடம் அமைந்தது. அவரோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவு எங்களுக்கு இல்லை. அவர் உள்ளதையெல்லாம் கொடுத்தார். நாங்கள் கோடை விடுமுறையில் ஒரு சீட்டு வாங்கினோம். ஆனாலும் "இந்த வயதில் ஏன்" என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் கேட்கப்பட்டதன்று.

கச்சேரி நடந்தது. ஆக்ஸல் ரோஸுக்கு 63 வயது. ஒலிநாடாவில் நாங்கள் கேட்ட உச்சத்துக்குக் குரல் ஏறவில்லை. சில இடங்களில் ஏறப்போவதுபோல் போய்த் திரும்பிவிட்டது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஸ்லாஷின் விரல்களுக்கு மட்டும் வயதாகவில்லை. கூட்டத்தில் எங்களைப்போல் நரைத்தவர்கள் ஏராளம். மகனையோ மகளையோ அழைத்து வந்தவர்களும் இருந்தனர். 'நவம்பர் ரெயின்' பாட்டுக்குப் பியானோ தொடங்கியதும் பொறியாளர் நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். கால்கள் கடுத்தன, உட்கார இடமில்லை. குரல் தேய்ந்த ஒரு மனிதர் தம் பழைய பாட்டை விடாமல் பாடுவதைக் கேட்க இருபது வயதில் எங்களுக்குப் பொறுமை இருந்திருக்காது.

திரும்பும்போது இரயிலில் அதிகம் பேசவில்லை. நூலில் மாயூரப் பகுதி வந்திருந்தது. மாணவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கத் தொடங்குகிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார். தமிழுக்கு அது பெரிய ஆதாயம்தான். அந்தத் தந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இயற்பியல் நண்பர் கேட்டார்.

அரியலூரில் இறங்கியபோது விடியவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பெரம்பலூர்ப் பேருந்தில் நடத்துநர், தெரிந்தவர், எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "எங்க சார், யாத்திரையா?" என்றார். மும்பை, ஒரு கச்சேரி என்றோம். "பாட்டுக் கேக்கவா அவ்ளோ தூரம்?" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர், இரண்டு இருக்கை தாண்டிப் போய்த் திரும்பி வந்து, "யாரு பாடுனது?" என்று கேட்டார்.